சுமப்பவனும் நடப்பவனும்: அந்தீஸ் மலைப் பயணங்களை முன்வைத்து ஒரு கேள்வி

1

பயண எழுத்துகளை விரும்பி வாசிப்பவர்களில் நானும் ஒருவன். மலையேறியவர்கள், பாலைவனம் கடந்தவர்கள், கடலோடிகள் என்று யார் எழுதியது கையில் கிடைத்தாலும் விடுவதில்லை. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடருக்கு நான் போனதில்லை. அதற்கான வசதியும் எனக்கில்லை. ஆனால் அந்த மலைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் பல ஆண்டுகளாகத் தேடி வாசித்து வருகிறேன். அப்படி வாசிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி மனதை நெருடிக்கொண்டே இருக்கிறது. தன் சுமையை இன்னொருவர் முதுகில் ஏற்றிவிட்டு நடப்பதைச் சாகசம் என்று அழைக்கலாமா? அழைக்கலாம் என்றால், அந்தச் சுமையைத் தூக்கி நடந்தவர் செய்ததற்கு என்ன பெயர்?

வெறும் சொல் விளையாட்டாக இதை நான் கேட்கவில்லை. பெரு நாட்டின் குஸ்கோ பிரதேசத்தில் 'இன்கா பாதை' என்று உலகம் அறிந்த மலைவழி ஒன்றுண்டு. புகையிரதப் பாதையின் 82ஆவது கிலோமீற்றரில் தொடங்கி மச்சு பிச்சுவில் முடியும் அதன் நீளம் ஏறத்தாழ 43 கிலோமீற்றர். நான்கு நாள் நடை. வழியில் கடக்க வேண்டிய மிக உயர்ந்த கணவாய் கடல் மட்டத்திலிருந்து 4,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. 'இறந்த பெண்' என்பது அதன் கெச்சுவா மொழிப் பெயரின் பொருள். அந்த உயரத்தில் பழக்கமில்லாதவர்களுக்குத் தலை இடிக்கும், குமட்டும், பத்தடி வைப்பதற்குள் மூச்சு வாங்கும். இந்தப் பாதையில் நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி. அவர்களில் ஏறத்தாழ 200 பேர்தான் பயணிகள். எஞ்சியவர்கள் வழிகாட்டிகளும் சமையற்காரர்களும் சுமையாளர்களும். அதாவது மலையை 'வெல்ல' வரும் ஒவ்வொருவருக்கும் பின்னால் குறைந்தது இன்னொருவர் இருக்கிறார்.

அந்த இன்னொருவரின் நாள் எப்படிப்பட்டது? பயணி எழுந்து தேநீர் குடித்து நடக்கத் தொடங்கிய பின்னர், சுமையாளர் கூடாரங்களைப் பிரித்துக் கட்டுகிறார். எரிவாயுச் சிலிண்டர், சட்டிபானை, மேசை, கதிரை, உணவுப்பொருள் எல்லாம் முதுகில் ஏறுகின்றன. பின்னர் அதே படிக்கட்டுகளில் பயணியை முந்திக்கொண்டு ஓடுகிறார். மாலையில் பயணி களைத்துப்போய் வந்து சேரும்போது கூடாரம் நிற்கிறது, சூப் கொதிக்கிறது. பயணியின் நாட்குறிப்பில் அன்றைய நாள் அவருடைய வாழ்வின் மிகக் கடினமான நாளாகப் பதிவாகிறது. சுமையாளரின் கணக்கில் அது ஒரு நாள் சம்பளம்.

ஒரு காலத்தில் நாற்பது கிலோவும் அதற்கு மேலும் இவர்கள் தூக்கினார்கள். 2001இல் பெருவின் பாராளுமன்றம் சுமையாளர்களுக்கென்று தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. ஒருவர் தூக்கக்கூடிய சுமையின் எல்லை 20 கிலோ என்றும், நாட்சம்பளமும் உணவும் படுக்க இடமும் காப்புறுதியும் வழங்கப்பட வேண்டும் என்றும் அது சொன்னது. பாதையின் தொடக்கத்திலுள்ள சோதனைச் சாவடியில் தராசு வைத்து மூட்டைகளை நிறுக்கிறார்கள். சட்டம் இருந்தும் குறைந்த சம்பளம், போதாத உணவு, நனைந்த தரையில் தூக்கம் என்ற முறைப்பாடுகள் பல ஆண்டுகள் ஓயவில்லை. அதனால்தான் 2022இல் மீண்டும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

நமது ஊரில் புறக்கோட்டைத் தெருக்களில் மூட்டை தூக்குவோரை நாட்டாமி என்கிறோம். அவர் செய்வதை எவரும் சாகசம் என்று சொன்னதில்லை. அரிசி மூட்டைக்குப் பதிலாக வெள்ளைக்காரரின் கூடாரமும், தெருவுக்குப் பதிலாகப் பனிமலையும் வந்தாலும், தூக்குபவரின் பெயர் மாறுவதில்லை.

2

சாகசம் என்ற சொல்லை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். கடினம், ஆபத்து, அறியாத இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் சாகசம் என்று நினைக்கிறோம். அப்படியானால் 4,000 மீற்றர் உயரத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டு, அல்பகா மந்தை மேய்த்து, உறைபனியிலும் ஆலங்கட்டி மழையிலும் பிள்ளைகளை வளர்க்கும் கெச்சுவாக் குடும்பம் நாள்தோறும் சாகசம் செய்கிறது என்றல்லவா சொல்ல வேண்டும்? நாம் அப்படிச் சொல்வதில்லை. அதை வறுமை என்கிறோம், அல்லது 'மரபான வாழ்க்கைமுறை' என்கிறோம்.

ஆகவே சாகசத்தின் உட்பொருள் கடினம் அல்ல, தெரிவு. விரும்பி ஏற்று, விரும்பும்போது கைவிடக்கூடிய கடினத்துக்கே அந்தப் பெயர். திரும்பிப் போவதற்கு ஒரு விமானச்சீட்டு சட்டைப்பையில் இருப்பவரின் ஆபத்து அது. அப்படித் தெரிவு செய்ய முடிவதே ஓர் அதிகாரம். அந்த அதிகாரம் பணத்தாலும் கடவுச்சீட்டாலும் வருகிறது. சுற்றுலாவாசிகள் வந்துபோகும் ஒரு தீவில் பிறந்து, வெளிநாட்டு விசாவுக்காக வரிசையில் நின்று பழகிய நம்மவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இந்த அதிகாரம் வரலாற்றையும் தனக்கேற்றபடி எழுதிக்கொள்கிறது. 1911 ஜூலை 24ஆம் திகதி அமெரிக்கரான ஹைரம் பிங்கம் மச்சு பிச்சுவைக் 'கண்டுபிடித்தார்' என்று பாடநூல்கள் சொல்லி வந்தன. அன்று அவரை மேலே கூட்டிச் சென்றவர் மெல்சோர் அர்த்தேகா என்ற உள்ளூர் விவசாயி. அதற்கு ஒரு சோல் நாணயம் கூலி. அந்தப் பக்கத்தின் வழமையான நாட்கூலியைப் போல மூன்று நான்கு மடங்கு அது என்று பிங்கமே எழுதியிருக்கிறார். மேலே போனபோது அங்கே விவசாயக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. இடிபாடுகளுக்கு நடுவே இன்கா காலத்துப் படிக்கட்டு வயல்களில் அவர்கள் பயிர் செய்தார்கள். பிங்கமுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டியது அக்குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த சிறுவன். ஒரு சுவரில் அகுஸ்தீன் லிசாறாகா என்ற பெயரும் 1902 என்ற ஆண்டும் கரியால் எழுதப்பட்டிருந்தன. லிசாறாகா அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர். பிங்கம் தனது குறிப்பேட்டில் கண்டுபிடித்தவராக அவரையே முதலில் குறித்துக்கொண்டார். 1948இல் வெளியான அவரது புகழ்பெற்ற நூலுக்கு அந்தப் பெயர் வந்து சேரவில்லை. அவர் எடுத்துச் சென்ற தொல்பொருட்கள் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து பெருவுக்குத் திரும்பி வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் எடுத்தன. 2011இலும் 2012இலும்தான் அவை வந்து சேர்ந்தன.

'முதன்முதலில் ஏறியவர்' என்ற பெருமையும் இப்படிப்பட்டதுதான். ஆர்ஜென்டீனா - சிலி எல்லையிலுள்ள யுயாயாகோ எரிமலை 6,739 மீற்றர் உயரமானது. 1952இல் நவீன மலையேறிகள் அதன் உச்சியை அடைந்தபோது அங்கே கற்சுவர்கள் இருந்தன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இன்கா மக்கள் அங்கே ஏறி, கல் அடுக்கிக் கட்டியிருந்தார்கள். கயிறோ இரும்பு ஆணிச் சப்பாத்தோ இல்லாமல் ஏறியிருந்தார்கள். அவர்களுக்கு அது சாகசமல்ல, வழிபாடு.

3

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜேர்மனிய அறிஞர் அலெக்ஸாண்டர் வொன் ஹம்போல்ட். 1801இல் இன்றைய கொலம்பியாவில், அந்தீஸின் கிந்தியோ கணவாயை அவரும் அவருடைய தோழர் பொன்ப்ளானும் கடந்தார்கள். அக்காலத்தில் வசதி படைத்தவர்கள் அந்தக் கணவாயை மனிதர்களின் முதுகில் அமர்ந்தே கடந்தனர். சுமப்பவர்களுக்குக் கார்கேரோ என்று பெயர். முதுகில் ஒரு கதிரையைக் கட்டிக்கொள்வார்கள். பயணி அதில் பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். ஒருவர் தூக்கும் பாரம் எழுபத்தைந்து கிலோவுக்கும் மேல். வழியோ சேறு, பாறை, மழை. சுமப்பவரும் சுமக்கப்படுபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நாட்கணக்கில் பயணம் செய்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான ஒரு படிமத்தை இந்தக் கட்டுரைக்காக என்னால் கற்பனை செய்திருக்க முடியாது.

ஹம்போல்ட் ஏற மறுத்தார். மனிதன் மீது மனிதன் சவாரி செய்வது அவருடைய மனதுக்கு ஒவ்வவில்லை. கருவிகளையும் சேகரிப்புகளையும் எருதுகளில் ஏற்றிவிட்டு நடந்தார். சப்பாத்துகள் கிழிந்து, கால்கள் புண்ணாகி, வெறுங்காலுடன் மறுபக்கம் போய்ச் சேர்ந்தார். வாசிக்கும்போது நமக்கு அவர்மீது மரியாதை பிறக்கிறது. பிறக்கவும் வேண்டும்.

ஆனால் அவர் நேர்மையானவர் என்பதால் இன்னொரு செய்தியையும் எழுதி வைத்திருக்கிறார். அதே நாட்டில் அண்டியோக்கியாவுக்குப் போகும் மலைவழியொன்றைக் கோவேறு கழுதைகள் நடக்கக்கூடியதாகத் திருத்துவதற்கு ஒரு திட்டம் வந்தபோது, அதை முறைப்படி எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? சுமையாளர்களே. பாதை வந்தால் பிழைப்புப் போய்விடும் என்று அவர்கள் முறையிட்டார்கள். அரசும் பணிந்துபோனது.

இங்கேதான் கேள்வி உண்மையிலேயே கடினமாகிறது. ஏற மறுத்தவரின் மனச்சாட்சி சுத்தமாக இருக்கிறது. ஆனால் அன்று கார்கேரோவின் வீட்டில் உலை கொதித்ததா? அவர் மறுத்ததால் சுமப்பவரின் நிலையில் எதுவும் மாறவில்லை, ஒரு நாள் கூலியைத் தவிர. மறுபக்கம், சுமப்பவர்களே கேட்கிறார்கள் என்பதற்காக மனிதன் மீது மனிதன் ஏறிப் போவது நியாயமாகிவிடுமா? வேறு வழி எதுவும் வைக்காமல் ஒருவரிடம் 'விருப்பமா' என்று கேட்டு, அவர் 'ஆம்' என்றதும் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எவ்வகை நீதி?

இருநூறு ஆண்டுகள் கடந்தும் இதே இரண்டு விடைகள்தான் நம் முன்னால் வைக்கப்படுகின்றன. ஒரு சாரார், 'போகாதீர்கள், உங்கள் சுற்றுலா ஒரு புதுக் காலனியம்' என்கிறார்கள். இன்னொரு சாரார், 'போங்கள், தாராளமாகச் செலவழியுங்கள், அவர்கள் அதில்தான் வாழ்கிறார்கள்' என்கிறார்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாகப் பெரு தன் எல்லைகளை மூடியது. மச்சு பிச்சு நவம்பர் மாதம் வரை பூட்டிக் கிடந்தது. குஸ்கோவின் வழிகாட்டிகளும் சுமையாளர்களும் சமையற்காரர்களும் வருமானமின்றிப் போனார்கள். 'போகாதீர்கள்' என்ற விடையின் விலையை உலகம் அப்போது கண்டது. எனினும் அந்த ஓர் அனுபவத்தை வைத்து 'போங்கள்' என்பது முழு உண்மையாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஒரு சமூகத்தின் சோறு தூரதேசத்தவரின் விடுமுறை ஆசையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதானே அங்கே வெளிப்பட்டது!

4

இந்த இரண்டு விடைகளுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. இரண்டிலும் முடிவெடுப்பவர் பயணியே. வருவதா விடுவதா, கொடுப்பதா மறுப்பதா என்பதெல்லாம் அவருடைய மனச்சாட்சிக்குள் நடக்கும் விவாதம். மலையில் வாழ்பவர் அதில் வாய் திறப்பதில்லை. பண்பாட்டைக் 'காப்பாற்றுவோம்' என்ற பேச்சும் பல வேளைகளில் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். கம்பளிப் போர்வையும் வட்டத்தொப்பியுமாக இருக்கும் வரைக்கும் அவர்கள் அசல். பிளாஸ்டிக் வாளியும் கைத்தொலைபேசியும் வந்துவிட்டால் 'பண்பாடு அழிந்துவிட்டது' என்று பார்க்க வந்தவருக்குத் துக்கம். தன் படத்துக்காக இன்னொருவர் ஏழையாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் துக்கம் அது.

பண்பாடு பார்வைப்பொருள் அல்ல, செயல் என்பதற்கு அந்தீஸிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அப்புரிமாக் ஆற்றின் மேலே கெஸ்வாச்சாகா என்ற புல்கயிற்றுப் பாலம். முப்பது மீற்றர் அளவு நீளம். இரு கரையிலுமுள்ள நான்கு சமூகங்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஒன்றுகூடிப் பழைய பாலத்தை அறுத்துவிட்டுப் புதியதைக் கட்டுகின்றன. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கயிற்றைத் திரித்துக்கொண்டு வரவேண்டும். சிறு கயிறுகள் சேர்ந்து பெருங்கயிறாகி, பெருங்கயிறுகள் பாலமாகின்றன. அருகிலேயே வாகனங்கள் போகும் நவீன பாலம் இருக்கிறது. ஆகவே ஆற்றைக் கடப்பதற்கு இது அவசியமில்லை. அப்படியிருந்தும் கட்டுகிறார்கள். கட்டுவதால் அந்த நான்கு ஊர்களும் ஒன்றுக்கொன்று கடமைப்பட்டவையாக இருக்கின்றன. யுனெஸ்கோ 2013இல் தன் பட்டியலில் சேர்த்தது இந்தப் புதுப்பிக்கும் சடங்கையும் அதன் அறிவையும்தான். பெருந்தொற்றினால் 2020இல் புதுப்பிக்க முடியாமற் போனது. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அந்த ஜூனில் மீண்டும் கட்டி முடித்தார்கள். கட்டாவிட்டால் விழும் என்பதை அவர்கள் அறிவார்கள். பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது எப்போதும் அங்கேயே இருப்பது போலத் தோன்றும்.

இன்னோர் உதாரணம் டிட்டிகாகா ஏரியிலுள்ள தக்கீலே தீவு. அங்கே ஆண்கள் தொப்பி பின்னுகிறார்கள். பெண்கள் நெசவு செய்கிறார்கள். 1970களில் வெளியார் வரத் தொடங்கியபோது தீவு மக்கள் ஒரு முடிவெடுத்தார்கள். படகு தங்களுடையது. விருந்தினர் எந்த வீட்டில் தங்குவது என்பது முறை வைத்து. நெசவுப்பொருட்களின் விற்பனை கூட்டாக. சில காலம் இது நன்றாக நடந்தது. பின்னர் பூனோ நகரத்து முகவர்களின் வேகப்படகுகள் காலையில் ஆட்களைக் கொண்டுவந்து மாலையில் திருப்பிக் கொண்டுபோயின. பணத்தின் பெரும்பகுதி கரையிலேயே தங்கிவிட்டது. பார்க்க வருபவர்கள் கூடினார்கள், தீவின் கையிலிருந்த முடிவு குறைந்தது. தக்கீலேயைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு எழுந்த கேள்வி, அவர்கள் மாறிவிட்டார்களா என்பதல்ல. எப்படி மாறுவது என்பதை யார் தீர்மானித்தார்கள் என்பதே.

5

மலைமக்களின் மரபைத் தூய்மையானதாக உயர்த்திப் பிடிப்பதும் என் நோக்கமல்ல. இன்கா பாதை ஒரு பேரரசின் பாதை. முப்பதாயிரம் கிலோமீற்றருக்கும் நீண்ட அந்தப் பாதை வலையைக் கட்டாய உழைப்பே கட்டியது. சாதாரண மக்கள் அதில் விரும்பியபடி நடமாட முடியாது. யுயாயாகோவின் உச்சியில் 1999இல் ஆய்வாளர்கள் கண்டெடுத்தது கற்சுவர்களை மட்டுமல்ல, மலைக்குப் பலியாக்கப்பட்ட மூன்று பிள்ளைகளின் உறைந்த உடல்களையும்தான். அவர்கள் எவருடைய பிள்ளைகள்? அவர்களிடம் விருப்பம் கேட்கப்பட்டதா? இன்று அவ்வுடல்கள் சால்டா நகர நூதனசாலையில் குளிரூட்டிய கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன. அது தவறு, பிள்ளைகளை மலைக்கே திருப்ப வேண்டும் என்று சுதேசிகள் பலர் சொல்லி வருகிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அரசுக்காக மலையேறிய அந்தப் பிள்ளைகள் இப்போது பார்வையாளருக்காக மலையிறங்கியிருக்கிறார்கள். இரண்டு முறையும் முடிவெடுத்தவர்கள் வேறு யாரோ. ஸ்பானியர் வந்த பின்னர் இன்காக்களின் முறைவேலை பொத்தோசியின் வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆளனுப்பும் முறையாக மாற்றப்பட்ட கதையை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். மலைமக்களின் முதுகில் சுமை ஏற்றியவர்கள் பலர். சுற்றுலாப் பயணி அந்த நீண்ட வரிசையில் கடைசியாக வந்தவர். மற்றவர்களைவிட மென்மையானவர், கூலி கொடுப்பவர். ஆனாலும் அதே வரிசை.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மக்கள் தமக்கிடையே காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு சொல் இருக்கிறது: அய்னி. இன்று நான் உன் வயலில் வேலை செய்தால் நாளை நீ என் வயலில் வேலை செய்வாய் என்பது அதன் எளிய பொருள். இதைக் கொடுக்கல் வாங்கல் என்று மொழிபெயர்த்தால் போதாது. கூலியில், பணம் கைமாறியதும் உறவு முடிகிறது. அய்னியில், திருப்பிக் கொடுத்த பிறகும் உறவு முடிவதில்லை, அடுத்த முறைக்காகக் காத்திருக்கிறது. தர்மமும் இல்லை, ஏனெனில் தர்மம் பெற்றவர் தலைகுனிந்து நிற்க வேண்டும். அய்னியில் பெற்றவரும் கொடுப்பவரே. மண்ணோடும் இதே கணக்குத்தான். சோளக் கள்ளின் முதல் துளியை பச்சமாமா என்ற நிலத்தாய்க்கு ஊற்றுவதும், மலைக்கு மூன்று கொக்கா இலைகளைச் சேர்த்துப் படைப்பதும் இதன் பகுதிகள். அந்த நம்பிக்கைகள் நம்முடையவை அல்ல. எடுத்தவன் கடன்பட்டவன் என்ற உணர்வு மட்டும் எந்த மொழியிலும் விளங்கக்கூடியது.

இந்தக் கடனுணர்வு வெறும் பேச்சல்ல என்பதற்கு ஒரு சான்று. குஸ்கோவின் சினகாரா மலையில் ஆண்டுதோறும் கொய்லூர் ரித்தி என்ற பெருவிழா நடக்கிறது. கரடி வேடமிட்ட உக்குக்கு என்போர் இரவில் பனிப்பாறைக்கு ஏறி, பனிக்கட்டியை வெட்டி முதுகில் சுமந்து விடியலில் இறங்குவார்கள். அந்த நீர் நோய் தீர்க்கும் என்பது ஊராரின் நம்பிக்கை. பனி சுருங்கிவருவதைக் கண்டபோது 2000களின் தொடக்கத்தில் அவர்கள் பனிக்கட்டி வெட்டுவதை நிறுத்திக்கொண்டார்கள். பனியை உருக்கியவர்கள் அவர்களல்லர். தூர நாடுகளின் ஆலைகளும் வாகனங்களும், அந்த விழாவைப் படம்பிடிக்க வருபவர்களைச் சுமந்துவரும் விமானங்களும் உருக்கியவை. தன் சடங்கைச் சுருக்கிக்கொண்டவர் மலைவாசி. தன் பயணத்தைச் சுருக்கிக்கொள்ளுமாறு பயணியிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் பயணி அய்னிக்குள் நுழைய முடியுமா? முழுமையாக முடியாது என்பதே என் எண்ணம். திருப்பிச் செய்வதற்கு அவர் அங்கே இருக்கப் போவதில்லை. சுமையாளரும் ஒருநாள் அவருடைய நாட்டுக்கு மலையேற வரப்போவதில்லை. விசாவே கிடைக்காது. ஆகையால் கூலி எவ்வளவு நியாயமாக இருந்தாலும் ஒரு மீதி எஞ்சுகிறது. அந்த மீதியைத் தீர்த்துவிட்டேன் என்று சொல்லாமல் இருப்பது நேர்மையின் முதற்படி. அடுத்த படி, நிபந்தனைகளை வைக்கும் உரிமையை அங்கே வாழ்பவர்களிடம் விடுவது. எத்தனை பேர் வரலாம், எதைப் படமெடுக்கலாம், எவ்வளவு தூக்கலாம், எந்த மாதம் பாதையை மூடுவது என்பதை அவர்கள் சொல்லட்டும். இருபது கிலோ என்ற எல்லை பயணிகளின் இரக்கத்தால் மட்டும் வந்துவிடவில்லை. சுமையாளர்கள் சங்கம் அமைத்து, கேட்டுப் போராடிப் பெற்றது. தராசு வைக்கப்பட்ட பிறகுதான் முதுகு கணக்கில் வந்தது.

பொலிவியாவில் இன்னொரு படியும் ஏறப்பட்டிருக்கிறது. மலையேறிகளின் அடிவார முகாம்களில் சமைத்தும் சுமந்தும் வந்த அய்மராப் பெண்கள் சிலர், மேலே என்னதான் இருக்கிறது என்று தாங்களே பார்க்கப் புறப்பட்டார்கள். 2015 டிசம்பரில் 6,088 மீற்றர் உயரமான ஹுவாய்னா பொத்தோசியில் ஏறினார்கள். 2019 ஜனவரியில் அவர்களில் சிலர் தென்னமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான 6,961 மீற்றர் அகொன்காகுவாவின் உச்சியை அடைந்தார்கள். அவர்களுடைய வழமையான அகன்ற பாவாடையுடனேயே ஏறினார்கள். அதே பாவாடைக்காக நகரங்களில் ஏளனம் செய்யப்பட்ட பெண்கள் அவர்கள். சுமப்பவருக்கும் நடப்பவருக்கும் இடையிலிருந்த கோட்டை அவர்கள் தங்கள் கால்களாலேயே அழித்தார்கள்.

6

இவ்விடயம் எழுதுகிறவர்களாகிய நம்மையும் தொடுகிறது. ஏனெனில் சுமையாளர் முதலில் மறைவது மலையில் அல்ல, பக்கத்தில். இப்னு பதூதா 1344இல் நமது தீவுக்கு வந்து பாவா ஆதம் மலைக்குப் போனபோது, ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் துணையாட்களும் உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பியதாக எழுதியிருக்கிறார். அரசனின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தப் பதினைந்து பேரில் ஒருவரின் பெயரும் தெரியாது. மேற்குலகத்தவர் மட்டும் செய்த மறதி அல்ல இது. ஆனாலும் எண்ணிக்கையையாவது பதிந்து வைத்தாரே என்று அவருக்கு நன்றி சொல்லலாம். பல நவீன பயண நூல்களில் அதுவும் கிடைப்பதில்லை.

பாப்லோ நெரூடாவும் 1943இல் மச்சு பிச்சுவுக்கு ஒரு விருந்தாளியாகவே போனார். அவர் எழுதிய நெடுங்கவிதை நம்மவர்களுக்கும் அறிமுகமானது. கல்லின் அழகில் தொடங்கிய அந்தக் கவிதை, கல்லைச் சுமந்தவர்களை நோக்கித் திரும்பிய இடத்தில்தான் பெருங்கவிதையானது. ஆயினும் நெரூடா அவர்களுக்காகப் பேசினார். ஹொசே மரியா ஆர்கெதாஸ் அவர்களிடமிருந்து பேசினார். வீட்டுப் பணியாட்களான சுதேசிகளிடையே வளர்ந்து, கெச்சுவாவைத் தன் மொழியாகக் கொண்டு, ஸ்பானிய மொழிக்குள் அந்த மொழியின் மூச்சைக் கொண்டுவந்த நாவலாசிரியர் அவர். 1958இல் வெளியான அவரது 'ஆழ நதிகள்' நாவலைச் சுற்றுலாக் கைநூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே மலை இரண்டு மலைகளாகத் தெரியும். சிறு மொழிகளிலும் விளிம்புகளிலும் இருந்து எழுதுகிறவர்களுக்கு ஆர்கெதாஸ் தூரத்து உறவினர் போன்றவர்.

மறதியின் விலை என்ன என்பதற்கு அண்மைக்கால நிகழ்வொன்று போதும். 2022 டிசம்பரில் பெருவின் ஜனாதிபதி பெத்ரோ காஸ்தியோ பதவி நீக்கப்பட்டதையடுத்து அந்தீஸின் தென்பகுதியில் எதிர்ப்புகள் வெடித்தன. கெச்சுவா, அய்மரா மக்கள் வீதிகளுக்கு வந்தார்கள். 2023 ஜனவரி 9ஆம் திகதி ஹுலியாக்கா நகரில் மட்டும் ஒரே நாளில் 15இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஜனவரி 21ஆம் திகதி மச்சு பிச்சு மூடப்பட்டது. அங்கே சிக்கியிருந்த நானூறுக்கு மேற்பட்ட சுற்றுலாவாசிகளை மீட்டு அழைத்துவந்தார்கள். உலகின் பல மூலைகளிலும் மக்கள் அந்த நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதே அந்த மீட்புச் செய்தியின் மூலம்தான். சிக்கிக்கொண்ட பயணிகள் மீது குற்றமில்லை. அவர்களுடைய பயமும் உண்மையானது. ஆனால் நானூறு பேர் சில நாட்கள் வீடு திரும்ப முடியாமற் போனது செய்தியாகவும், வீடு திரும்பவே முடியாமற் போனவர்கள் அதன் பின்னணியாகவும் ஆனார்கள். மலைமக்களைக் காட்சியின் பகுதியாகப் பார்த்துப் பழகிய கண், அவர்கள் சாகும்போதும் அப்படியே பார்க்கிறது.

எனவே, போகலாமா கூடாதா என்று என்னிடம் கேட்டால், போகலாம் என்றே சொல்வேன். மனிதர் மனிதரைக் காணப் போவதைத் தடுக்கும் எந்த நியாயமும் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் திரும்பி வந்து எழுதும்போது, கூடாரத்தை யார் தூக்கினார், அவருடைய ஊர் எது, எத்தனை கிலோ, எவ்வளவு சம்பளம், அவர் எங்கே படுத்தார் என்பவற்றையும் எழுத வேண்டும் என்பேன். அவற்றை எழுதிய பிறகும் 'சாகசம்' என்ற சொல் அந்தப் பக்கத்தில் நிற்குமானால் நிற்கட்டும். 82ஆவது கிலோமீற்றரிலுள்ள தராசு சுமையாளரின் மூட்டையை நிறுக்கிறது. பயணி கொண்டுவரும் கதையை நிறுப்பதற்குத் தராசு கிடையாது. அந்த வேலை வாசகர்களாகிய நம்முடையது.